‘தள்ளிப்போடலாம்’ என்ற பட்டியலில் இருந்தவர்கள்

2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 ஒரு பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதையடுத்த சில வாரங்களில், நாடு எதுவாக இருந்தாலும், மருத்துவமனைகள் ஏறக்குறைய ஒரே முடிவைத்தான் எடுத்தன: உயிருக்கு உடனடி ஆபத்துள்ளவர்களைத் தொடர்ந்து கவனிப்பது, மற்ற அனைத்தையும் நிலைமை சீராகும்வரை தள்ளிவைப்பது. படுக்கைகளும் ஆக்சிஜனும் ஆட்களும் போதாத நிலையில் அப்படியொரு கோடு போடாமல் இருக்க முடியாது என்பதை மருத்துவமனையில் வேலை செய்யும் எவரும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கோடு தவறான இடத்தில் போடப்பட்டது என்பதே என் எண்ணம். டயாலிசிஸ் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறவள் என்ற முறையில், கோட்டுக்கு அந்தப் பக்கம் விடப்பட்டவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நாட்பட்ட நோய்க்கான சிகிச்சை, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிகிச்சையாகவே தெரிவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதிப்பார்கள். மருந்துச் சீட்டில் ஒரு மாத்திரையை அரை மாத்திரையாகக் குறைப்பார்கள் அல்லது ஒன்றரையாகக் கூட்டுவார்கள். இவற்றில் எதையும் தனியே எடுத்துப் பார்த்தால், அடுத்த வாரம் செய்துகொள்ளலாமே என்று தோன்றும். இந்தச் சிகிச்சை சரியாக நடக்கும்போது எதுவும் நிகழாது என்பதுதான் அதன் பலன்: பக்கவாதம் வராது, கால்விரல் கறுத்துப்போகாது, சிறுநீரகம் மேலும் கெடாது. அதனாலேயே அது நின்றுபோகும்போதும் முதலில் எதுவும் நிகழ்ந்ததாகத் தெரிவதில்லை. விளைவு சில மாதங்கள் கழித்து, வேறொரு பிரிவில், வேறொரு நோயின் பெயரில் வந்து படுக்கும்போது, அதைப் பெருந்தொற்றின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

டயாலிசிஸ் இந்தப் பொது நிலைமைக்கு ஓரளவு விலக்கு. அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது சில நாட்களிலேயே தெரிந்துவிடும். நல்ல சிறுநீரகங்கள் வாரத்தின் 168 மணி நேரமும் ஓயாமல் செய்யும் வேலையை, வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்று மொத்தம் 12 மணி நேரத்தில் ஓர் இயந்திரம் ஓரளவுக்குச் செய்து தருகிறது. இதில் விட்டுக்கொடுப்பதற்கு மிச்சமாக எதுவுமில்லை. வழக்கமான அட்டவணையில் வாரக் கடைசியில் விழும் இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் மரணங்களும் இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும் அதிகம் நிகழ்கின்றன என்பதை 2011இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. அப்படியிருக்க, பெருந்தொற்றின்போது பல பிரிவுகளில் வாரம் மூன்று முறை என்பது இரண்டு முறையானது. போக்குவரத்து நின்றுபோனதாலும் இயந்திரங்கள் போதாததாலும் சிலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் எங்கள் பிரிவில் முதல் தகவலைத் தந்தது எடைக் கருவிதான். உடலில் மிகைநீர் இல்லாதபோது ஒருவர் எவ்வளவு இருக்க வேண்டுமோ அதை உலர் எடை என்போம்; இரண்டு டயாலிசிஸ்களுக்கு இடையே அதற்கு மேல் இரண்டு கிலோ, அதிகம் போனால் மூன்று கிலோ ஏறி வருவது வழக்கம். ஒரு முறை தவறவிட்டவர்கள் ஐந்து, ஆறு கிலோ ஏறி வந்தார்கள். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால், குழி அப்படியே நிற்கும். நான் ஊசியை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போதும் அது நிரம்பியிருக்காது. இரவில் படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியதாகச் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியும் இந்த நீரைவிட எங்களை அதிகம் அச்சுறுத்துவது கண்ணுக்குத் தெரியாத பொட்டாசியம். இரத்தத்தில் அது கூடிக்கொண்டே போகும்போது நோயாளிக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இசிஜி தாளில் அலைகள் கூர்மையாக எழத் தொடங்கியிருக்கும். அதற்கு அடுத்த கட்டத்தில் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும்.

இங்கே ஒரு குரூரமான சிக்கல் இருந்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் மூச்சு வாங்கும், இருமல் வரும், ஆக்சிஜன் அளவு குறையும், எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களிலும் வெண்படலம் தெரியும். கோவிட் நிமோனியாவுக்கும் இவைதாம் அறிகுறிகள். மருத்துவமனை வாசலில் வெப்பமானியோடும் கேள்வித்தாளோடும் நின்றவர்களிடம் “மூச்சுத் திணறல் இருக்கிறதா?” என்ற கேள்விக்கு “ஆம்” என்று சொன்னவர் சந்தேகத்துக்குரிய நோயாளியாகிவிடுவார். ஆர்டி-பிசிஆர் முடிவு வரும்வரை டயாலிசிஸ் பிரிவும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது, தொற்று இல்லை என்று முடிவு வந்தால் கோவிட் பிரிவும் வைத்துக்கொள்ளாது. அந்த மூச்சுத் திணறலுக்கான மருந்தே டயாலிசிஸ்தான் என்பதுதான் கொடுமை. வழக்கமாக வரும் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: “சிஸ்டர், மூச்சு வாங்குதுன்னு சொன்னா உள்ளே விடமாட்டாங்க, சொல்லலைன்னா எவ்வளவு தண்ணி எடுக்கணும்னு உங்களுக்குத் தெரியாது. நான் என்னதான் சொல்லட்டும்?” அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எந்த வழிகாட்டி நெறிமுறையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. சந்தேகத்துக்குரியவர்களுக்கென்று ஓர் இயந்திரமும், தனி அறையும், தனி வாயிலும் ஒதுக்கிய இடங்களில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. ஒதுக்காத இடங்களில் முடிவுக்காகக் காத்திருந்தபடியே சிலர் மோசமானார்கள்.

எங்கள் தரப்பு அச்சமும் பொய்யானதல்ல. டயாலிசிஸ் என்பது ஒரே கூடத்தில் பலர் வரிசையாகப் படுத்து நான்கு மணி நேரம் ஒரே காற்றைச் சுவாசிக்கும் சிகிச்சை. வீட்டிலேயே இருங்கள் என்ற அறிவுரையை இவர்களால் பின்பற்ற முடியாது. ஐரோப்பிய சிறுநீரகப் பதிவேட்டின் தரவுகளின்படி, முதல் அலையில் தொற்றுக்குள்ளான டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 28 நாட்களுக்குள் இறந்தார். வந்தால் தொற்று, வராவிட்டால் பொட்டாசியம் என்ற நிலையில், வருவதையே தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2020 மே மாதத்தில் 155 நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பில், உயர் இரத்த அழுத்தத்துக்கான சிகிச்சை 53 சதவீத நாடுகளிலும், நீரிழிவு சிகிச்சை 49 சதவீத நாடுகளிலும், புற்றுநோய் சிகிச்சை 42 சதவீத நாடுகளிலும் பகுதியாகவோ முழுமையாகவோ தடைப்பட்டிருந்தது. அந்த அறிக்கையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த எண் வேறு: தொற்றா நோய்த் துறையில் பணியாற்றிய சுகாதார அமைச்சக ஊழியர்கள் பகுதியாகவோ முழுமையாகவோ கோவிட் பணிக்கு மாற்றப்பட்ட நாடுகள் 94 சதவீதம். பிரிவை மூடும்படி யாரும் உத்தரவிட வேண்டியதில்லை. அங்கே இருந்தவர்களை வேறிடத்துக்கு அனுப்பினாலே போதும், பிரிவு தானாக மூடிக்கொள்ளும். டயாலிசிஸ் செவிலியர்களுக்கு இது இரட்டைச் சுமை. கோவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களில் பலருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தது. அவர்களுக்கு இயந்திரம் போடத் தெரிந்தவர்கள் நாங்கள்தாம். 2020 வசந்த காலத்தில் நியூயார்க் மருத்துவமனைகளில் செயற்கைச் சுவாசக் கருவிகளுக்கு மட்டுமல்லாமல், டயாலிசிஸ் செவிலியர்களுக்கும் அதற்கான திரவங்களுக்கும்கூடத் தட்டுப்பாடு ஏற்பட்டது. புதிதாக வந்த நோயாளிக்காக ஒரு செவிலியரை அனுப்பும்போது, வெகுநாளாக வந்துகொண்டிருப்பவர்களின் ஒரு ஷிஃப்ட் நின்றுபோகிறது என்பதை மேலே அமர்ந்து ஆள் ஒதுக்குபவர்கள் பெரும்பாலும் அறிந்திருக்கவில்லை.

மருந்துகளின் கதை இன்னும் வேதனையானது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்) நோயாளிகளும் முடக்குவாத நோயாளிகளும் ஆண்டுக்கணக்கில் தினமும் எடுத்துக்கொள்கிறார்கள். லூபஸில் சிறுநீரகத்தைக் காப்பதற்கு அதன் பங்கு பெரிது. 2020 மார்ச்சில் அது கோவிட்டைக் குணப்படுத்தும் என்ற பேச்சு பரவியதும் பல நாடுகளில் மருந்துக்கடை அலமாரிகள் காலியாகின. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மார்ச் 28 அன்று அதற்கு அவசரகால அனுமதி அளித்தது. பயனில்லை என்று தெரிந்து ஜூன் 15 அன்று அனுமதியைத் திரும்பப் பெற்றது. யாருக்கு அது உண்மையிலேயே பயன்படுமோ அவர்கள் அந்த மாதங்களில் மாத்திரையை நாள்விட்டு நாள் எடுத்துச் சமாளித்தார்கள். இந்த மருந்து உடலிலிருந்து வெளியேற வாரக்கணக்கில் ஆகும். எனவே நிறுத்தியவுடன் ஒன்றும் தெரியாது. மூட்டு வீக்கமும் தோல் தடிப்பும் சிறுநீரில் புரதமும் திரும்பி வந்தபோது, அலமாரி காலியான செய்தி பழைய செய்தியாகிவிட்டிருந்தது.

இதற்கு நேர்மாறாக, மருந்து கையில் இருந்தும் நிறுத்தியவர்களையும் பார்த்தேன். வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ2 என்ற புரதத்துக்கும், ராமிபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் தொடர்பு உண்டு என்ற செய்தி 2020 மார்ச்சில் பரவியது. தாமாக நிறுத்த வேண்டாம் என்று இதயநோய் மருத்துவச் சங்கங்கள் அதே மாதத்தில் அறிக்கை விட்டன. பின்னர் பிரேசிலில் நடந்த ஒரு சோதனையில், மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட கோவிட் நோயாளிகளுக்கு இந்த மாத்திரைகளை 30 நாட்கள் நிறுத்தியதால் எந்த நன்மையும் இல்லை என்று உறுதியானது. ஆனால் பயமுறுத்திய செய்தி சென்ற வேகத்தில் மறுப்பு செல்லவில்லை. வழக்கமான நாட்களில் இத்தகைய சந்தேகம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். நோயாளி புறநோயாளிப் பிரிவில் கேட்பார், மருத்துவர் பதில் சொல்வார். கேட்பதற்கான இடம் மூடியிருந்ததுதான் பிரச்சினை.

பயம் தன் பங்குக்கு வேலை செய்தது. இங்கிலாந்தில் 2019இல் மாரடைப்பு மற்றும் அதையொத்த இதய அவசர நிலைகளுக்காக வாரத்துக்குச் சராசரியாக 3,017 பேர் அனுமதிக்கப்பட்டார்கள். 2020 மார்ச் இறுதியில் அது 1,813 ஆகக் குறைந்தது. மாரடைப்பு திடீரென்று 40 சதவீதம் குறைந்துவிடுவதற்குக் காரணம் எதுவுமில்லை. மருத்துவமனைக்கு வருவது குறைந்தது, அவ்வளவே. ஜெர்மனியில் அதே வசந்த காலத்தில் முதல் வகை நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 45 சதவீதத்தினர் கீட்டோ அமிலத்தன்மை என்ற உயிராபத்தான நிலையில் வந்து சேர்ந்தார்கள். முந்தைய ஆண்டில் அது சுமார் 25 சதவீதம். குழந்தை அடிக்கடி தண்ணீர் கேட்பதையும் இளைத்துக்கொண்டே போவதையும் பார்த்த பெற்றோர், தொற்றுக்குப் பயந்து சில நாட்கள் பொறுத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே இருங்கள் என்று காலையும் மாலையும் சொன்ன நாம், எந்த அறிகுறிக்கு வீட்டைவிட்டுக் கட்டாயம் கிளம்ப வேண்டும் என்பதை அதே அழுத்தத்தோடு சொல்லவில்லை.

தொலைபேசி வழியும் காணொளி வழியும் மருத்துவ ஆலோசனை அந்நாட்களில் பெரிதும் கைகொடுத்தது. அதை நான் மறுக்கவில்லை. சர்க்கரை அளவை வீட்டில் பார்த்துச் சொல்லத் தெரிந்தவருக்கு இன்சுலின் அளவை மாற்றிச் சொல்வதற்கு நேரில் வரவழைக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் நீரிழிவு நோயாளியின் பாதம் வேறு விஷயம். நரம்பு உணர்ச்சி குறைந்த பாதத்தில் செருப்பின் வார் உராய்ந்து புண்ணானாலும் வலிக்காது, வலிக்காததால் தொலைபேசியில் “கால் எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “நன்றாகத்தான் இருக்கிறது” என்றே அவர் உண்மையாகப் பதில் சொல்வார். நேரில் பார்க்கும்போது காலுறையைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்குகளை விரித்துப் பார்த்து, குதிகாலின் வெடிப்பைத் தடவி, மெல்லிய நைலான் இழையால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்போம். சில சமயம் கண்ணுக்கு முன் மூக்கு கண்டுபிடித்துவிடும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தவர்களின் கால்களில், ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் கட்டுப்போட்டு ஆற்றியிருக்கக்கூடிய புண்கள் எலும்புவரை போயிருந்தன.

புற்றுநோயைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இரண்டு எண்களை மட்டும் குறிப்பிடுகிறேன். முதல் அலையின் உச்சத்தில் 12 வாரங்களில் உலகெங்கும் சுமார் 2 கோடியே 84 லட்சம் திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் ரத்தாகவோ தள்ளிப்போகவோ கூடும் என்று 2020 மே மாதத்தில் ஒரு பன்னாட்டு ஆய்வுக்குழு மதிப்பிட்டது. புற்றுநோய் சிகிச்சை நான்கு வாரங்கள் தாமதமானால் இறப்பு அபாயம் 6 முதல் 13 சதவீதம் வரை கூடுகிறது என்று அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு கூறியது.

இவையெல்லாம் முன்கூட்டி அறிய முடியாதவை என்று சொல்வதற்கில்லை. 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் எபோலா பரவியபோது, மருத்துவச் சேவைகள் பாதியாகக் குறைந்தால் மலேரியா, எச்ஐவி, காசநோய் ஆகியவற்றால் கூடுதலாக ஏற்படக்கூடிய மரணங்கள் சுமார் 10,600 என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். எபோலாவால் நேரடியாக இறந்தவர்களாகப் பதிவான எண்ணிக்கையும் 11,000க்குச் சற்று மேல்தான். அந்தப் பாடம் கண்முன்னே இருந்தும், 2019இல் 71 லட்சமாக இருந்த புதிய காசநோயாளிகளின் உலகளாவிய பதிவு 2020இல் 58 லட்சமாகச் சரிந்தது. பதிவாகாதவர்கள் நோயில்லாதவர்கள் அல்ல. பத்தாண்டுகளுக்கும் மேலாகக் குறைந்துவந்த காசநோய் மரணங்கள் அந்த ஆண்டில்தான் மீண்டும் கூடின.

சரியாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எச்ஐவி நோயாளிகளுக்கு மாதாமாதம் வரச் சொல்லாமல், மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் சேர்த்து மருந்து கொடுக்கும் முறை ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெருந்தொற்றுக்கு முன்பே தொடங்கியிருந்தது. 2020இல் அது வேகமாக விரிவாக்கப்பட்டது. நோய் கட்டுக்குள் இருக்கும் ஒருவர் மாத்திரைக்காக மட்டும் மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்ற எளிய எண்ணம்தான் அதன் அடிப்படை. இரத்த அழுத்தம், நீரிழிவு, தைராய்டு, வலிப்பு ஆகியவற்றுக்கு இதே வழியைப் பின்பற்றுவதில் பெரிய மருத்துவத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. மருந்து இருப்புக் கணக்கும் நிர்வாகப் பழக்கமும்தான் தடைகள்.

கோவிட்டுக்கான உலகளாவிய அவசரநிலை 2023 மே 5 அன்று முடிவுக்கு வந்தது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில் 2020 பிப்ரவரியில் சுமார் 46 லட்சமாக இருந்த காத்திருப்போர் பட்டியல், அவசரநிலை முடிந்த பிறகும் வளர்ந்து 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தாண்டியது. நோயாளிகளுக்குப் பெருந்தொற்று எப்போது முடிகிறது என்பதற்கு அறிவிப்புகளைவிட இந்தப் பட்டியலே நம்பகமான சான்று.

அடுத்த முறை கோடு போடும்போது இரண்டு பட்டியல்கள் போதாது என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. உடனே செய்ய வேண்டியவை, தள்ளிப்போடக்கூடியவை ஆகியவற்றோடு, இன்று தள்ளலாம் ஆனால் குறிப்பிட்ட நாளைத் தாண்டக் கூடாது என்ற மூன்றாவது பட்டியலும் வேண்டும். அதில் ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே அந்தக் கடைசி நாள் எழுதப்பட்டிருக்க வேண்டும். டயாலிசிஸுக்கு அது மூன்று நாளாக இருக்கலாம், கீமோதெரபிக்கு மூன்று வாரமாக இருக்கலாம், ஆறாத பாதப்புண்ணுக்கு ஒரு வாரமாக இருக்கலாம். இந்தப் பட்டியலைக் கவனிப்பதற்கென்று விடப்படும் செவிலியர்களை எக்காரணம் கொண்டும் வேறு பணிக்கு மாற்றக் கூடாது. தொற்று உச்சத்தில் இருக்கும்போது இதைத் தயாரிக்க நேரமிருக்காது. அமைதியான காலத்தில் தயாரித்துப் புதுப்பித்துவர வேண்டும்.

நோயாளியின் பக்கத்திலும் ஓர் ஏற்பாடு தேவை. வழக்கமான பிரிவு மூடப்பட்டு, வேறொரு மருத்துவமனையின் வாசலில் போய் நிற்கும் டயாலிசிஸ் நோயாளியிடம் அங்குள்ளவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான்: உலர் எடை என்ன, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரத்தக்குழாய்களை இணைத்து அமைத்த இடம்) எந்தக் கையில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் எவ்வளவு, ஹெபடைடிஸ் பரிசோதனை முடிவு என்ன, கடைசியாக டயாலிசிஸ் செய்தது எப்போது, என்ன மருந்துகள் ஒத்துக்கொள்ளாது. இவற்றுக்கு உடனே பதில் கிடைத்தால் அன்றே இயந்திரம் போடலாம். கிடைக்காவிட்டால் பரிசோதனைகளிலேயே ஒரு நாள் போய்விடும். எனவே எங்கள் பிரிவில் இப்போது ஒவ்வொருவருக்கும் இந்த விவரங்களை ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்கிறோம். மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை முடிவுகள் வரும் நாளில் அட்டையை வாங்கி, மாறியவற்றைத் திருத்தி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பித் தருகிறோம். வீட்டில் உள்ளவர்கள் அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.